சிறு சபையில் எல்லோருக்கும் ஒரு பங்கு: தோட்டப்புற ஊர்களுக்கான முழுமையான வழிகாட்டி

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள சிறிய தமிழ்ச் சபைகளில் ஞாயிறு காலை யார் கதவைத் திறக்கிறாரோ அவரே ஒலிபெருக்கியை இணைக்கிறார், நாற்காலி போடுகிறார், காணிக்கை எண்ணுகிறார், ஆராதனை முடிந்ததும் வேனை எடுத்துக்கொண்டு தோட்டத்துப் பிள்ளைகளை வீட்டில் விட்டு வருகிறார். அவர் மனைவி ஞாயிறு பள்ளி நடத்துகிறார். மகன் கீபோர்டு வாசிக்கிறான். அந்தக் குடும்பம் ஒரு வாரம் ஈப்போவில் கல்யாணத்துக்குப் போய்விட்டால் ஆராதனையே தடுமாறுகிறது. மற்றவர்கள் சோம்பேறிகளா என்றால், பகலெல்லாம் செம்பனை (எண்ணெய்ப்பனை) குலை வெட்டுகிறவரையும் பன்னிரண்டு மணி நேரம் தொழிற்சாலையில் நிற்கிறவரையும் யார் சோம்பேறி என்பது? அவர்களை யாரும் எதற்கும் கேட்டதில்லை. கேட்ட ஒன்றிரண்டு தடவையும் மேடைக்கு வந்து ஜெபிக்கச் சொல்லித்தான் கேட்டிருப்பார்கள்.

இந்த வழிகாட்டி முப்பது முதல் நூறு பேர் வரை கூடும் சபைக்கானது. முழுநேரப் போதகர் இருந்தாலும், மாதம் இருமுறை வேறு ஊரிலிருந்து வந்து போனாலும் பொருந்தும். நகரத்துப் பெரிய சபைகளின் துறை அமைப்பை அப்படியே இங்கே கொண்டுவருவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. பன்னிரண்டு குழுக்களுக்குப் பெயர் சூட்டிவிட்டு, அதே ஐந்து பேரைப் பன்னிரண்டிலும் போடுவதில்தான் அது முடியும். சிறு சபையில் முதலில் ஆளைப் பார்க்க வேண்டும். பிறகு அவரைச் சுற்றி வேலையை அமைக்க வேண்டும். நிதானமாகச் செய்தால் ஆறு மாதத்தில் இது வழிக்கு வரும்.

முதல் படி: ஒரு மாத வேலையை எழுதுங்கள்

ஒரு நோட்டுப் புத்தகம் போதும். ஒரு மாதம் முழுக்கச் சபையில் நடக்கும் ஒவ்வொரு வேலையையும் எழுதுங்கள். பிரசங்கம், பாடல், ஞாயிறு பள்ளி ஆகியவை தானாக நினைவுக்கு வரும். கண்ணில் படாதவற்றைத் தேடி எழுதுவதில்தான் உழைப்பு இருக்கிறது: கழிப்பறை கழுவுவது, துக்க வீட்டுக்குக் கூடாரமும் நாற்காலியும் சொல்லி வைப்பது, டயாலிசிஸ் செய்துகொள்ளும் பெரியவரைக் காரில் அழைத்துப் போய்க் காத்திருந்து கூட்டி வருவது, சமூகநல இலாகா பாரத்தை மலாயில் நிரப்பிக் கொடுப்பது, சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு) விவகாரத்துக்கு உடன் போவது. டயாலிசிஸ் என்பது பெரும்பாலும் வாரத்துக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேர அளவில் நடப்பது. இதை ஒரே ஒருவர் பல மாதங்களாகத் தனியாகச் செய்துகொண்டிருப்பார். செயற்குழுவில் பாதிப் பேருக்கு அது தெரிந்திருக்காது.

ஒவ்வொரு வேலைக்கும் எதிரே இரண்டு பெயர் எழுதுங்கள். ஒன்று, இப்போது செய்கிறவர். இன்னொன்று, அவர் காய்ச்சலில் படுத்தால் செய்யக்கூடியவர். இரண்டாவது பத்தி பெரும்பாலும் வெறுமையாக இருக்கும். அந்தப் பக்கத்தைச் செயற்குழுக் கூட்டத்தில் மேசைமேல் விரித்து வையுங்கள். யாரையும் குறை சொல்ல வேண்டாம். எல்லோரும் ஒருமுறை பார்த்தால் போதும்.

யாத்திராகமம் 18-ஆம் அதிகாரத்தில் எத்திரோ செய்ததும் ஏறக்குறைய இதுதான். மருமகன் மோசே காலை முதல் மாலை வரை தனியாக உட்கார்ந்து வழக்குக் கேட்பதை அவர் முதலில் பார்த்தார், பிறகுதான் பேசினார். நீரும் தொய்ந்துபோவீர், உம்மோடிருக்கிற ஜனங்களும் தொய்ந்துபோவார்கள் என்று அவர் எச்சரித்ததில் இரண்டாம் பாதியை நாம் வேகமாகத் தாண்டிவிடுகிறோம். ஒருவரே எல்லாவற்றையும் செய்யும் இடத்தில் மற்ற எல்லோரும் நாள் முழுக்க வரிசையில் நிற்கிறார்கள், அதுவும் களைப்புத்தான். ஆயிரம், நூறு, ஐம்பது, பத்து என்று தலைவர்களை வைக்கச் சொன்னார் எத்திரோ. நம் அளவுக்குக் கடைசி எண் போதும்: பத்துப் பேரின் நலம் விசாரிக்க ஒருவர்.

இரண்டாம் படி: வீடு வீடாகப் போய்க் கேளுங்கள்

எல்லாவற்றிலும் அதிக நேரம் கேட்பது இந்தப் படி. இதைச் சுருக்கினால் மற்றவை பயன்படாது.

வரங்களைக் கண்டுபிடிக்கும் வினாத்தாள்கள் கிடைக்கின்றன. நூறு கேள்விக்கு எண் போட்டுக் கூட்டினால் உங்கள் வரம் இன்னதென்று விடை வரும். வெளிநாட்டுச் சபைகளுக்காக எழுதி மொழிபெயர்த்த தாள்கள் அவை. தமிழ் வாசிக்கத் தடுமாறும் இளையவருக்கும், எழுதவே கூச்சப்படும் மூத்தவருக்கும் அவற்றைக் கொடுப்பது தேர்வு வைப்பது போலாகிவிடும். நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஓர் ஆணும் ஒரு பெண்ணுமாக இருவர் போங்கள். ஷிப்ட் முடிந்து ஓய்ந்திருக்கும் நேரமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். போனதும், “உங்களுக்கு என்ன வரம் இருக்கிறது?” என்று ஆரம்பித்தால், “எனக்கு ஒன்றும் தெரியாதுங்க ஐயா” என்ற பதிலோடு பேச்சு முடிந்துவிடும். இப்படிக் கேட்டுப் பாருங்கள்: அக்கம்பக்கத்தார் உங்களிடம் எதற்காக வந்து நிற்கிறார்கள்? வேலை இடத்தில் உங்களை நம்பி எதை ஒப்படைத்திருக்கிறார்கள்? எந்த வேலையில் உட்கார்ந்தால் நேரம் போவதே தெரிவதில்லை? சபையில் எதைப் பார்த்தால் எரிச்சல் வருகிறது? கடைசிக் கேள்விக்கு நல்ல பலன் உண்டு. மின்விசிறியில் தூசி படிந்திருப்பதைப் பற்றிப் பத்து நிமிடம் பேசுகிறவரிடம் கட்டடப் பராமரிப்பை ஒப்படைக்கலாம். புதிதாக வந்தவரிடம் யாருமே பேசவில்லை என்று வருந்துகிறவர் வாசலில் நிற்க வேண்டியவர்.

பதில்களை எழுதும்போது, வரம் என்றால் பிரசங்கம், பாட்டு, தீர்க்கதரிசனம் என்று மனதில் இருக்கும் பட்டியலைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். ரோமர் 12 ஏழு வரங்களைச் சொல்கிறது. கொடுப்பதும், முன்நின்று நடத்துவதும், இரக்கம் காட்டுவதும் அவற்றில் சேர்த்தி. 1 கொரிந்தியர் 12-இன் முதல் பட்டியலில் ஒன்பது. அதே அதிகாரத்தின் கடைசியில் வரும் பட்டியல் வேறு. எபேசியர் 4 ஆட்களைப் பட்டியலிடுகிறது. பேதுருவோ தம் முதல் நிருபத்தின் 4-ஆம் அதிகாரத்தில் பேசுவது, பணி செய்வது என்று இரண்டாகச் சுருக்கிவிடுகிறார். எந்த இரண்டும் ஒத்துப்போகவில்லை. எழுதியவர்கள் தங்கள் கண்முன் இருந்த சபைக்கு ஏற்ப எடுத்துக்காட்டுகள் தந்தார்கள் என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன். யாத்திராகமம் 31-இல் தேவ ஆவியால் நிரப்பப்பட்டவனாகச் சொல்லப்படும் பெசலெயேல் பொன்னிலும் வெள்ளியிலும் மரத்திலும் வேலை செய்த கைவினைஞன். யோப்பா பட்டணத்துத் தொற்காளை ஊர் விதவைகள் நினைவுகூர்ந்தது அவள் தைத்துக் கொடுத்த உடைகளைக் காட்டித்தான்.

நம் ஊரில் இவை எப்படித் தோன்றும்? குடியுரிமை இல்லாமல் சிவப்பு அடையாள அட்டையோடு காலம் தள்ளும் பாட்டிக்காகத் தேசியப் பதிவிலாகாவுக்கு எத்தனை முறை போனாலும் அலுக்காத ஒரு பெண். தோட்டத்தில் பெரட்டு (காலை ஆள் கணக்கெடுப்பு) எடுத்த காலத்தில் அறுபது பேரின் பெயரும் வீடும் மனப்பாடமாக வைத்திருந்த, ஓய்வு பெற்ற மண்டோர் (மேற்பார்வையாளர்). துக்க வீட்டில் பாதிச் சொந்தம் இந்து, பாதி கிறிஸ்தவம் என்றிருக்கும்போது, இரு தரப்பு மனமும் நோகாமல் எந்த நேரத்தில் எது நடக்கும் என்று பேசி முடிக்கத் தெரிந்த சித்தப்பா. இந்த மூன்றாமவரின் திறமை எந்தப் பாடத்திட்டத்திலும் கிடையாது. ஆனால் அவர் இல்லாத அடக்க ஆராதனை எப்படிப் போகும் என்பதைக் கண்டவர்களுக்கு அவர் அருமை தெரியும்.

மூன்றாம் படி: தோட்டத்து ஏணியை வாசலில் இறக்கி வையுங்கள்

கங்காணி என்ற மேற்பார்வையாளர் மூலம் இந்தியாவிலிருந்து தோட்டத்துக்கு ஆள் சேர்ப்பது 1938-இல் நின்றுபோனது. கங்காணி போனபின்பும் அந்த ஏணி போகவில்லை. துரை (மேலாளர்), கிராணி (எழுத்தர்), மண்டோர், கடைசியில் பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டும் வெட்டுக்காரர் என்ற வரிசை பல சபைகளின் செயற்குழுவில் இன்றும் உட்கார்ந்திருக்கிறது. கிராணியாக இருந்தவரின் பிள்ளை செயலாளர், பள்ளி ஆசிரியர் தலைவர், வெட்டுக்காரரின் குடும்பம் சமையற்கட்டில். யாரும் திட்டமிட்டுச் செய்ததல்ல, பழக்கம். சில இடங்களில் சொந்தபந்தமும், வெளியே சொல்லத் தயங்கும் சாதிக் கணக்கும் இதனோடு சேர்ந்துகொள்கின்றன. இதைத் தொடாமல் குழுப்பணி பற்றிப் பேசினால், பழைய ஏணிக்குப் புதிய வர்ணம் அடித்தது போலத்தான்.

எழுதப் படிக்கத் தெரிந்தவர்தான் நடத்த முடியும் என்ற எண்ணத்துக்கு நம் ஊரிடமே பதில் இருக்கிறது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலத்தில், 1960-இல், சுங்கை சிப்புட்டின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால்மரம் வெட்டியவர்கள் பத்துப் பத்து வெள்ளியாக (அன்றைய நாணயம்) போட்ட பணத்தில் அந்தச் சங்கம் தோட்டங்களையே வாங்கியது. அவர்களின் பேரப்பிள்ளைகளிடம் ஒரு கிறிஸ்துமஸ் கீத பவனியை நம்பி ஒப்படைக்கத் தயங்குவதில் என்ன நியாயம்?

பவுல் சரீரத்தைப் பற்றியும் அவயவங்களைப் பற்றியும் எழுதிய சூழலைக் கவனியுங்கள். அதற்கு முந்திய அதிகாரத்தில் கொரிந்து சபையின் பந்திச் சண்டை இருக்கிறது: வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு சாப்பிடுகிறார்கள், இல்லாதவர்கள் பசியோடு இருக்கிறார்கள். கண் கையைப் பார்த்து நீ வேண்டாம் என்று சொல்ல முடியாது என்பது அந்தச் சபைக்குச் சொன்னது. பலவீனமாகத் தோன்றும் அவயவங்களே மிகவும் அவசியமானவை என்றும் அங்கேதான் சொன்னார்.

ஆகவே இந்தப் படியைப் பந்தியிலிருந்தே தொடங்குங்கள். அடுத்த அறுப்பின் பண்டிகையில் சமைத்தவர்கள் முதல் பந்தியில் உட்காரட்டும்; செயற்குழு பரிமாறட்டும். ஒரு நாள் சடங்காகத் தோன்றலாம், ஆனால் யாருக்கு உட்காரக் கூச்சமாக இருக்கிறது, யாருக்குப் பரிமாறக் கை வரவில்லை என்பதை நீங்கள் கண்ணால் பார்ப்பீர்கள். அடுத்ததாக, செயற்குழுவில் ஓர் இடத்தையாவது சமையல், சுத்தம், வாகனம் ஆகிய வேலைகளைச் செய்கிறவர்களுக்கு ஒதுக்குங்கள். அவரைக் கூட்டத்தில் முதலில் பேசவிடுங்கள். கடைசியில் கேட்டால், “எல்லோரும் சொன்னதுதான்” என்பார்.

நான்காம் படி: இருவர் இருவராக, மூன்று மாதத்துக்கு

இப்போது நோட்டுப் புத்தகத்தில் வேலையும் இருக்கிறது, ஆளும் இருக்கிறார். இரண்டையும் சேர்க்கும்போது ஒருவருக்கு ஒரு வேலை என்று பிரிக்காதீர்கள். செம்பனை வெட்டில் குலையைச் சாய்க்கிறவரும் உதிரிப்பழம் பொறுக்குகிறவரும் சேர்ந்து ஒரு நிரையை முடிப்பதுபோல, ஒவ்வொரு வேலைக்கும் இருவரை வையுங்கள். ஒருவர் அந்த வேலையில் பழகியவர், மற்றவர் புதியவர். இருவரும் ஒரே வீட்டுக்காரராக இருக்க வேண்டாம்; கணவனும் மனைவியும் ஜோடியாக இருந்தால் ஒரு காய்ச்சலில் இரண்டு பெயரும் போய்விடும்.

கால வரையறை இல்லாமல் எந்தப் பொறுப்பையும் கொடுக்காதீர்கள். நம் மக்கள் மறுப்பதற்கு முக்கியக் காரணம் பயம்: ஒருமுறை சரி என்றால் சாகும்வரை நம் தலையில்தான் என்பது அவர்கள் அனுபவம். முதலில் மூன்று மாதம் என்று சொல்லுங்கள். முடிவில் தொடரலாமா, மாறலாமா, விடலாமா என்று கேளுங்கள். விடுகிறேன் என்றால் முகம் சுளிக்காமல் நன்றி சொல்லுங்கள். உதவிக்காரர்கள் முன்னதாகச் சோதிக்கப்படவேண்டும் என்று 1 தீமோத்தேயு 3 சொல்கிறது. மூன்று மாதத்தில் அந்த வேலை தமக்குப் பொருந்துமா என்று அவரும் சோதித்துக்கொள்ளலாம்.

பட்டியல் போடுமுன் ஷிப்ட் அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள். இரவு வேலை முடித்து ஞாயிறு காலை ஏழு மணிக்கு வீடு திரும்புகிறவரை ஒன்பது மணிக்கு வாசலில் நிற்கச் சொல்வது அன்பல்ல. அவருக்கு வாரநாளில் செய்யும் வேலை ஏதாவது இருக்கும். இடத்தையும் பாருங்கள். நெகேமியா 3-ஆம் அதிகாரத்தில் பலர் தங்கள் வீட்டுக்கு எதிரே இருந்த எருசலேம் மதிலைக் கட்டினார்கள். தட்டார், தைலக்காரர், ஆசாரியர் என எல்லோரும் இருந்தார்கள். சல்லூம் என்பவரோடு அவர் குமாரத்திகளும் வேலை செய்தார்கள். மதில் 52 நாட்களில் முடிந்தது. தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) குடியிருப்பவருக்குத் தாமான் பிள்ளைகளையும், இன்னும் தோட்டத்தில் இருப்பவருக்குத் தோட்டத்துப் பிள்ளைகளையும் வேனில் ஏற்றும் பொறுப்பைக் கொடுத்தால் பெட்ரோலும் மிஞ்சும். அதே அதிகாரத்தில் தெக்கோவா ஊர்ப் பெரிய மனிதர்கள் வேலைக்குக் கழுத்துக் கொடுக்கவில்லை என்றும் எழுதியிருக்கிறது. நெகேமியா அவர்களைத் துரத்திக்கொண்டு போனதாக இல்லை. நீங்களும் போக வேண்டாம்.

இத்தனை நாள் எல்லாவற்றையும் சுமந்த அந்தக் குடும்பத்துக்கு முதல் மூன்று மாதம் எந்த வேலையும் கொடுக்காதீர்கள். சும்மா வந்து உட்கார்ந்து பாடிவிட்டுப் போகட்டும். முதல் இரண்டு வாரம் அவர்களுக்கே இது பிடிக்காது.

ஐந்தாம் படி: முறையிடுகிறவரிடமே பொறுப்பைக் கொடுங்கள்

அப்போஸ்தலர் 6-இல் கிரேக்க மொழி பேசிய யூத விசுவாசிகள் முறுமுறுத்தார்கள்: அன்றாடப் பந்தி விசாரிப்பில் தங்கள் விதவைகள் விடுபட்டுப்போகிறார்கள் என்று. அதற்காகத் தெரிந்துகொள்ளப்பட்ட ஏழு பேரின் பெயர்களைப் பாருங்கள்: ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர்கள். குறை சொன்ன தரப்பிடமே பந்தி ஒப்படைக்கப்பட்டது போலத் தெரிகிறது.

நம் சபைகளில் இன்றைய முறுமுறுப்பு மொழியைப் பற்றியது. மலாய்ப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்குத் தமிழ் பேச வரும், பாட வரும், வாசிக்க வராது. பாட்டுப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு வாயசைத்துவிட்டு, ஒரு நாள் வராமல் நின்றுவிடுகிறார்கள். பெரியவர்கள் தமிழ் அழிகிறது என்று வருந்துகிறார்கள். இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான். திரையில் பாடல் வரிகளைத் தமிழிலும் அதன்கீழ் ரூமி (ஆங்கில) எழுத்திலும் போடும் வேலையை அந்த இளையவர்களிடமே கொடுங்கள். உச்சரிப்பைத் திருத்த ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவரை ஜோடியாக வையுங்கள். ஒவ்வொரு வாரமும் இருவரும் ஒரு மணி நேரம் அருகருகே உட்கார வேண்டியிருக்கும். தமிழ் எழுத்துக் கற்றுக்கொள்ள அதைவிட நல்ல வகுப்பு கிடைக்காது.

விட்டுக்கொடுக்கக் கூடாத இரண்டு விதிகள்

காணிக்கையை உறவினரல்லாத இருவர் சேர்ந்து எண்ண வேண்டும்; இருவரும் கையெழுத்திட வேண்டும்; அன்றே எழுத வேண்டும். நம்பிக்கை இல்லையா என்று யாராவது கோபப்பட்டால் 2 கொரிந்தியர் 8-ஐ வாசித்துக் காட்டுங்கள். எருசலேமுக்கான தர்மப் பணத்தைக் கொண்டுசெல்ல, யாரும் குற்றம் சொல்ல இடமிருக்கக் கூடாது என்று பவுலே தீத்துவோடு வேறு சகோதரரையும் சேர்த்து அனுப்பினார்.

ஞாயிறு பள்ளியிலும் வேனிலும் ஒரு பெரியவர் மட்டும் பிள்ளைகளோடு தனியாக இருக்கக் கூடாது, எப்போதும் இருவர். அவர் எவ்வளவு நல்லவர், எத்தனை வருடப் பழக்கம் என்பது இங்கே கேள்வியே இல்லை. சிறார்களுக்கு எதிரான பாலியல் குற்றங்கள் சட்டம் 2017-இன்படி, அத்தகைய குற்றம் நடப்பது தெரிந்தும் தகவல் தராமல் இருப்பதே குற்றம். சபையின் பெயர் கெட்டுவிடும் என்று செயற்குழுவுக்குள் பேசி முடிக்கும் வழக்கத்துக்கு இதில் இடமில்லை. காவல் நிலையத்துக்குப் போக வேண்டும். தாலியான் காசே உதவி எண்ணான 15999-ஐயும் அழைக்கலாம்.

ஆறாம் படி: திருத்துவதும் பிரிவதும்

இருவர் சேர்ந்தால் உரசல் வரும். அதற்கு முன்கூட்டியே ஒரு வழி சொல்லி வையுங்கள்: தவறைச் செய்தவரிடம் நேரில், தனியாக, அந்த வாரத்துக்குள். வாட்ஸ்அப் குழுவில் ஒருபோதும் கூடாது. அங்கே இரவு பதினொரு மணிக்குப் போட்ட ஒரு குரல் பதிவு, மறுநாள் பெரட்டுக்கு முன்பே பாதி ஊருக்குத் தெரிந்துவிடும்.

அப்போஸ்தலர் 18-இல் வரும் அப்பொல்லோ வேதாகமத்தில் வல்லவன், ஆனால் அவனுக்குத் தெரிந்தது யோவானின் ஸ்நானம் மட்டும். ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் அவன் பேசியதைக் கேட்டார்கள். அவனைத் தங்களோடு சேர்த்துக்கொண்டு இன்னும் தெளிவாக விளக்கினார்கள். முதல் முறை பிரசங்கம் செய்த இளைஞன் வசனத்தைத் தவறாகச் சொன்னால், வாசலில் கை கொடுக்கும்போது திருத்தாதீர்கள். வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடுங்கள்.

சில ஜோடிகள் பொருந்தவே மாட்டார்கள். பவுலும் பர்னபாவும் மாற்கைக் கூட்டிக்கொண்டு போவதா வேண்டாமா என்பதில் கடுமையாக முரண்பட்டுப் பிரிந்தார்கள். ஒருவர் சீப்புரு தீவுக்கு, மற்றவர் சீரியாவுக்கு. பிற்காலத்தில் அதே பவுல், மாற்கு ஊழியத்தில் தமக்குப் பிரயோஜனமானவன், அவனைக் கூட்டிக்கொண்டு வா என்று எழுதுகிறார். ஆகவே பொருந்தாத இருவரை ஒன்றாக வைத்துப் பொறுமை கற்றுக்கொடுக்க முயல வேண்டாம். ஒருவரை வாகனத்துக்கும் மற்றவரைப் பாட்டுக்கும் மாற்றுங்கள். காலம் போகட்டும்.

ஏழாம் படி: கைமாற்றுதல்

தோட்டப்புற ஊரில் ஆள் போய்க்கொண்டேதான் இருப்பார்கள். எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவத் தேர்வு) முடித்த பிள்ளை பினாங்கு தொழிற்சாலைக்கோ, கோலாலம்பூருக்கோ, சிங்கப்பூருக்கோ புறப்படும். இதைத் துரோகம்போல் பேசும் பெரியவர்கள் சிலர் இருக்கிறார்கள். அந்தப் பேச்சைக் கேட்டபின் அந்தப் பிள்ளை தீபாவளி விடுமுறைக்கு வந்தால்கூடச் சபைப் பக்கம் தலைகாட்டாது. போகப்போகிறவன் என்று தெரிந்தே வேலை கொடுங்கள், கற்றுக்கொடுக்கும் வேலையையும் சேர்த்துக் கொடுங்கள். பெசலெயேலுக்கும் அவனோடு வேலை செய்த அகோலியாபுக்கும் கைத்திறமையோடு பிறருக்குப் போதிக்கும் மனதும் அருளப்பட்டதாக யாத்திராகமம் 35 சொல்கிறது. கீபோர்டு வாசிக்கிறவன் ஆண்டுக்கு ஒரு பிள்ளைக்காவது நான்கு பாட்டு வாசிக்கச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும்.

மூத்தவர்களுக்கும் இது பொருந்தும். எண்ணாகமம் 8-இல் லேவியர் 25 வயதில் கூடாரப் பணிக்கு வந்து 50 வயதில் அதை விடுகிறார்கள். அதன்பின் தங்கள் சகோதரருக்குத் துணையாகக் காவல் காக்கிறார்கள். இருபது ஆண்டு பொருளாளராக இருந்தவரை ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பினால் மனம் உடைந்துவிடும். புதியவரின் பக்கத்தில் ஒரு வருடம் உட்காரட்டும், பேனாவை மட்டும் புதியவர் பிடிக்கட்டும்.

கைமாறும்போது எழுதித் தர வேண்டியவை: எந்தச் சாவி எந்தப் பூட்டுக்கு, ஒலிபெருக்கியில் எந்தப் பொத்தானைத் தொடக் கூடாது, மின்சாரக் கட்டணக் கணக்கு எண், யூடியூப் கணக்கின் கடவுச்சொல், கூடாரக்காரரின் தொலைபேசி எண், யார் வீட்டு நாய் கடிக்கும் என்பது வரை. பிரியாவிடைக்கு முந்தைய சனிக்கிழமையே இவற்றை வாங்கிவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் பிரியாணி மும்முரத்தில் இருப்பார்கள்.